ஆண்களும் அவ்வாறே

அந்தக் கத்தோலிக்கப் பங்கில் அடக்கக் குழு என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது பிணங்களுக்கானது. யாராவது இறந்துபோனால் அளவெடுத்து, உடுத்தி, பெட்டியில் வைத்து, கல்லறைக்குக் கொண்டுபோய் மண் தள்ளிவிட்டு வருவது அதன் வேலை. ஆகவே, ஒவ்வொரு பங்கிலும் உடனடியாக ஓர் அடக்கக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று ஆயர் இல்லத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, பங்குத் தந்தை தலைப்பை மட்டும் படித்துவிட்டு நிம்மதியானார். மேலிடம் சொல்வதற்கு முன்பே அவர் செய்து முடித்திருந்த ஒரே காரியம் அதுதான். கோயில் தரைக்கு ஓடு பதிக்கிறவரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே, தாளைக் குழுத் தலைவர் கையில் திணித்தார்.

"நம்மகிட்டதான் இருக்கே. பாத்துக்கங்க."

குழு என்பது மூன்று பேர். தலைவர் சுங்க இலாகாவில் ஓய்வுபெற்றவர். எந்தத் தாளையும் எழுந்து நின்று சத்தமாகத்தான் படிப்பார். இரண்டாமவர் சவப்பெட்டி செய்யும் பெட்டிக்காரர். அவருடைய ஒவ்வொரு விரலும் மற்றவர்களின் இரண்டு விரலுக்குச் சமம். மூன்றாமவன் டேப்பு. திரைச்சீலைக் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல்களுக்கு அளவெடுத்து வந்து, தன் வீட்டில் வைத்துத் தைப்பான். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்குவதால் அந்தப் பெயர். டேப் இருக்கிறது, மெதுவாகப் பேசுகிறான் என்ற இரண்டு தகுதிகளுக்காக அவனைப் பிணங்களுக்கு அளவெடுக்கச் சேர்த்துக்கொண்டார்கள்.

கோயிலுக்குப் பின்னால், பாடை வைக்கும் அறையில் கூட்டம் நடந்தது. தலைவர் எழுந்து படித்தார்.

"கழுத்துப் பகுதி தொண்டைக்குழிக்குக் கீழே இரண்டு விரலுக்கு மேல் இறங்கலாகாது."

"நாம அதுக்கு மேலயே மூடிடறோம்" என்றார் பெட்டிக்காரர்.

"கைகள் முழங்கைக்குக் கீழ்வரை மறைந்திருக்க வேண்டும்."

"மறைச்சுடறோம்."

"உட்காரும்போதும் முழங்கால் வெளியே தெரியலாகாது."

பெட்டிக்காரர் கையைத் தூக்கினார். "உட்காரும்போதா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"யாரு உட்காரப்போறாங்க?"

தலைவர் மேலே பார்வையை ஓட்டினார். படியேறும்போது, குனியும்போது, காற்றடிக்கும்போது என்று தாள் போய்க்கொண்டே இருந்தது. பாடையின் மேல் சாய்ந்திருந்த டேப்பு மெல்ல நிமிர்ந்தான்.

"தலைவரே, இது உயிரோட இருக்கறவங்களைப் பத்தினதுன்னு நினைக்கிறேன்."

வேறு யாராக இருந்தாலும் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். தலைவர் சுங்க இலாகாவில் இருந்தவர். கைக்கு வந்த பொருளை அவர் திருப்பிக் கொடுத்ததில்லை.

"யோசிச்சுப் பாருங்க" என்றார். "நாம உடுத்தி அனுப்பினவங்கள்ல ஒருத்தர் மேலயாவது துணி விஷயமா புகார் வந்திருக்கா? குனிஞ்சாங்க, தெரிஞ்சுதுன்னு யாராவது சொன்னாங்களா? கோயிலுக்குள்ள அவங்க அளவுக்கு அடக்கமா இருந்தவங்க உண்டா? இதுதாங்க அனுபவம். நம்மள மனசுல வெச்சுத்தான் ஆயர் இல்லமே எழுதியிருக்கு."

வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்றுதான் டேப்பு நினைத்தான். அவனைத் தடுத்தது ஒரு நூல்.

போன ஞாயிறு பூசையில் நடந்தது அது. அவன் மனைவி பாடகர் குழுவில் பாடுகிறாள். அவளுக்கு முன்வரிசையில் நிற்பவர் நீச்சல் மாஸ்டர். நகராட்சிக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுத்தான் பாடுவார். மேல் சுருதிக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொள்வார். அப்போது கோயிலில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொள்வார்கள். அன்று அப்படி அவர் மேலே போய்க்கொண்டிருந்தபோது, டேப்புவின் மனைவி ராகம் தவறாமல் கையை நீட்டி, மாஸ்டரின் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்து, விரலால் உருட்டிக் கீழே போட்டாள்.

அவ்வளவுதான். ஆனால் டேப்பு நாள் முழுக்க நூலில் புரள்கிறவன். சட்டையில் நூல், தலையில் நூல், காதுக்குள்கூட நூல். கல்யாணமான நாளிலிருந்து அவள் விரல் ஒருமுறையாவது அவன் தோளுக்கு வந்ததில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆண்களுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான்.

தலைவர் தாளைப் புரட்டினார். பெண்களுக்கு நான்கு பக்கம், படங்களோடு. கடைசிப் பக்கத்தின் அடியில், பக்க எண்ணை ஒட்டிச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஆண்களும் அவ்வாறே.

"அவ்வாறேன்னா எவ்வாறு?" என்றார் பெட்டிக்காரர்.

"அவ்வாறேதான்."

"அப்ப பாவாடை?"

பதில் தெரியாத அதிகாரிகள் வழக்கமாகச் செய்வதைத் தலைவர் செய்தார். "டேப்பு, ஆண்கள் பக்கம் உங்க பொறுப்பு."

டேப்பு மறுக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, ஒழுங்காகச் சுருட்டி, மறுபடி போட்டுக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் வரிசைகள் போடப்பட்டன. பெண்களுக்கு இரண்டு வரிசை. ஒன்றில் தலைவர் தன் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டுவார்; வருகிறவள் தன் கழுத்துக்குக் கீழே அதே இடத்தில் அட்டையை வைக்க வேண்டும். அட்டையில் தலைவரின் இரண்டு விரல்கள் வரையப்பட்டிருந்தன. இன்னொன்றில் பெட்டிக்காரரின் விரல் வரைந்த அட்டை. சிறிது நேரத்தில் தலைவர் வரிசையில் ஆளே இல்லை. இளம்பெண்கள் அத்தனை பேரும் பெட்டிக்காரர் விரலையே நாடினார்கள். அந்த விரலுக்கு எந்தக் கழுத்தும் அடக்கமாகவே இருந்தது.

சுருக்கெழுத்து வகுப்பில் படிக்கும் ஒருத்தி, "அங்கிள், உங்க விரலைக் கடன் குடுங்க, எங்க மாமியார் வீட்டுக்கும் கொண்டுபோறேன்" என்றாள்.

எந்த விரல் செல்லும் என்று கேட்டுத் தலைவர் மேலிடத்துக்கு எழுதினார். விரலை நிர்ணயிப்பது ஆயர் இல்லத்தின் வேலையல்ல, விரல் அந்தந்தப் பங்கின் பொறுப்பு என்று பதில் வந்தது.

ஆண்கள் வரிசையில் டேப்பு தனியாக நின்றான். தொப்பைக்காரர்கள், வழுக்கைத் தலையர்கள், சட்டைப் பொத்தான் விட்டுப்போனவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரையும் பார்க்காமலே உள்ளே அனுப்பினான். மாஸ்டர் வந்ததும் டேப்பை நீட்டினான்.

"கை முழங்கைக்கு மேல இருக்கு, மாஸ்டர்."

"அடடா, தப்பா? இறக்கிக்கிறேன் சார்." மாஸ்டர் அங்கேயே நின்று கையை இறக்கிப் பொத்தான் போட்டார். "நல்லதாப்போச்சு, சொன்னீங்க. ரொம்ப நன்றி சார்."

அந்த நன்றிதான் டேப்புவுக்குப் பொறுக்கவில்லை.

மதியம் அவன் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "சட்டைக் கையை இறக்கிவிட்டதும் மாஸ்டருக்கு ஒரு மதிப்பே வந்துடுச்சு, இல்லங்க?"

அடுத்த வாரம், பாடும்போது தொண்டை ஏறி இறங்குவது வெளியே தெரியக்கூடாது என்று ஆண்கள் பக்கத்தில் ஒரு விதி வந்தது. மாஸ்டர் கழுத்து மூடிய சட்டை தைத்துக்கொண்டு வந்தார். "ராஜாவீட்டு ஆளு மாதிரி இருக்காரு" என்றாள் மனைவி. முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டு என்று இன்னொரு விதி வந்தது. மாஸ்டர் அதிலும் வந்தார். கோட்டு போட்டபின் அவர் இன்னும் உயரமாகத் தெரிந்தார். மூட மூட அந்த மனிதர் மெருகேறிக்கொண்டிருந்தார். அதே கோட்டை மாட்டிக்கொண்ட டேப்பு மட்டும் கண்ணாடியில் உறை போட்ட நாற்காலி போலத் தெரிந்தான். தன் விதிகளில் எங்கோ பிழை இருக்கிறது, அல்லது தன்னில் இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. விதிகளைத் திருத்துவது சுலபம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தான்.

"தலைவரே, இப்படி ஒவ்வொண்ணா மூடறதுக்குப் பதிலா, நம்மகிட்ட இருக்கற அங்கியையே போடச் சொன்னா என்ன?"

பெட்டிக்காரர் கிடங்கில் சவ அங்கிகள் அடுக்கடுக்காக இருந்தன. கறுப்பு. தாடையிலிருந்து பாதம் வரை மூடும். கையும் உள்ளே போய்விடும். போட்டுக்கொண்டவர் ஆணா பெண்ணா, ஒல்லியா குண்டா என்று ஒன்றும் தெரியாது. தலைவருக்குக் கண் கலங்கியது. "இதுதான் அவ்வாறே" என்றார்.

பாடகர் குழுவின் ஆண்களுக்கு முதலில் கொடுப்பதென்று முடிவாயிற்று. அங்கியை வாங்கிப் பார்த்த மாஸ்டர், "அடியில சட்டை போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் யாரும் போட்டதில்லை" என்றார் தலைவர். "வழக்கத்தை மாத்த வேண்டாம். கால்சட்டை மட்டும் போட்டுக்கங்க."

ஞாயிறு காலை, முன்வரிசையில் கறுப்புத் தூண்கள் போல ஆண்கள் நின்றார்கள். மாஸ்டர் எது என்றே தெரியவில்லை. டேப்பு வெகுநாள் கழித்து முழங்காலில் நின்று மனதார வேண்டினான். பாட்டும் அன்று அமோகமாக இருந்தது. முக்கியமாகப் பெண்களின் குரல். அப்படி ஒரு உற்சாகத்தை அவன் கேட்டதே இல்லை. பங்குத் தந்தைகூட அறிவிப்பின்போது அதைத் தனியாகப் பாராட்டினார்.

பூசை முடிந்ததும் டேப்பு பெட்டிக்காரரிடம் போனான். "பெண்கள் இன்னிக்கு நல்லாப் பாடினாங்க, இல்ல?"

"பாடாம?" என்றார் பெட்டிக்காரர். "அங்கிக்குப் பின்பக்கம் கிடையாதே. ரெண்டு நாடா மட்டும்தான். படுத்திருக்கறவங்களுக்குப் பின்னால எதுக்குத் துணின்னு எங்கப்பா அப்படித்தான் வெட்டுவாரு. நானும் அப்படியே விட்டுட்டேன்."

அளவெடுப்பதோடு டேப்புவின் வேலை முடிந்துவிடும்; அங்கியை அவன் புரட்டிப் பார்த்ததில்லை. பாடகர் குழு நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தான். முன்வரிசை ஆண்கள். பின்வரிசை பெண்கள். நடுவில் தினமும் நீந்துகிற ஒருவரின் முதுகு. அந்த இடத்தைத் தேடிப்பிடித்துத் தன் மனைவியை நிறுத்தி வைத்தது போலாகிவிட்டது.

இதற்குமேல் துணியால் ஆகப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது. மிச்சம் இருந்தது ரப்பர் முத்திரை.

விதிகளுக்கு உட்பட்டவர்களுக்குச் சான்றுச் சீட்டு தர வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்லியிருந்தது. குழுவிடம் இருந்தது ஒரே முத்திரை: "அடக்கம் செய்யப்பட்டார்." புது முத்திரை எதற்கு, சொல் சரியாகத்தானே இருக்கிறது என்றார் தலைவர். ஆண்களில் முதல் சீட்டு மாஸ்டருக்கு. டேப்பு முத்திரையை மையில் நன்றாக ஒற்றி, வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்திக் குத்தினான். சீட்டின் நகலைப் பீடத்தருகே உள்ள வாசக மேடையில் வைத்துவிட்டு வந்தான். பங்குத் தந்தை மேடையில் கைக்கு எட்டும் எந்தத் தாளையும் அப்படியே வாசித்துவிடுவார் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

பங்குத் தந்தை படித்தார். ஓடு விஷயத்தில் மனம் இருந்ததால் குரல் இன்னும் சோகமாக இருந்தது. "இந்த வாரம் அடக்கம் செய்யப்பட்ட நம் அன்புக்குரிய நீச்சல் மாஸ்டரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம்."

கோயில் எழுந்து நின்றது. மாஸ்டரும் எழுந்து நின்றார். இறந்தோருக்கான பாட்டை எடுத்தார்கள். அதில் தனிக்குரல் பகுதி எப்போதும் அவருடையது. வேறு யாருக்கும் தெரியாது என்பதால் அவரே பாடினார். தனக்காகப் பாடுகிறோம் என்ற எண்ணமோ என்னவோ, குரல் நடுங்கியது. நீச்சல் பிள்ளைகளின் அம்மாக்கள் விசும்பினார்கள். டேப்புவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அழுத?" வெளியே வந்ததும் கேட்டான்.

"நல்ல மனுஷங்க. பாவம்."

"அவரு உயிரோடதானே இருக்காரு? அதோ பாரு, சைக்கிள் எடுக்கறாரு."

"தெரியுதுங்க. இருந்தாலும் போயிட்டாரேன்னு இருந்துச்சு."

உயிரோடு இருக்கிறவனோடு போட்டி போடலாம். செத்தவனோடு யாரால் முடியும்? அதுவும் வாராவாரம் வந்து பாடிவிட்டுப் போகிற செத்தவன். டேப்பு முத்திரையைப் பாடை அறையில் வைத்துப் பூட்டினான்.

இந்தச் செய்தி மேலிடத்துக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த வாரமே ஆயர் இல்லத்திலிருந்து ஆய்வுத் தந்தை வந்து இறங்கினார். குட்டு உடைந்தது என்று நினைத்துக்கொண்டு மூவரும் வாசலில் நின்றார்கள். வந்தவருக்கு ஊதா அங்கி, அதன்மேல் வெள்ளை மேலங்கி. மேலங்கியின் கீழ்ப்பாதி முழுவதும் லேஸ். பூ, கொடி, பறவை எல்லாம் அதில் இருந்தன. பெட்டிக்காரர் பழக்கதோஷத்தில் தன் விரல் அட்டையை அவர் கழுத்துக்கு நீட்டிவிட்டார். ஆய்வுத் தந்தை அதை ஆசீர்வதித்துத் திருப்பிக் கொடுத்தார்.

கோயிலைச் சுற்றிப் பார்த்தார். கழுத்துவரை மூடிய பெண்கள். கறுப்புத் தூண்களாக ஆண்கள். அவர் மேடை ஏறியபோது டேப்பு கண்ணை மூடிக்கொண்டான்.

"அன்புக்குரியவர்களே, இந்தப் பங்கு சுற்றறிக்கையைப் பிழையாகப் புரிந்துகொண்டது என்று சிலர் எங்களுக்கு எழுதினார்கள். இதில் பிழை எங்கே இருக்கிறது? உயிரோடு இருப்பவர்களை இப்படி உடுத்த வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். சொல்லத்தான் வார்த்தை கிடைக்காமல் இருந்தது. பெண்களைப் பற்றி எழுத உட்கார்ந்தோம். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. நான்கு பக்கத்தில் நிறுத்தியதே பெரும்பாடு. ஆண்களைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்தோம். எங்கள் குழுவில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நாங்கள் அனைவரும் ஆண்கள். எங்களை நாங்கள் பார்த்ததே இல்லை. அவ்வாறே என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனோம். அந்த ஒரு சொல்லுக்கு இங்கே ஒருவர் பொருள் கண்டுபிடித்திருக்கிறார்."

பின்வரிசையிலிருந்து டேப்புவின் மனைவி எழுந்தாள். "ஃபாதர், ஒரு சந்தேகம்."

"கேள், மகளே."

"நீங்க போட்டிருக்கற லேஸ் எங்க வீட்டுக்காரர் கடையிலயும் இருக்கு. ஜன்னலுக்குப் போடறது. விளக்குப் போட்டா உள்ள இருக்கறது அப்படியே தெரியும்னு வாங்கறவங்ககிட்ட அவரே சொல்லிடுவாரு. இப்ப விளக்குப் போட்டிருக்கு, ஃபாதர்."

கோயில் முழுக்க அந்த லேஸைப் பார்த்தது.

"இது ஆடை அல்ல, மகளே" என்றார் ஆய்வுத் தந்தை பொறுமையாக. "இது பதவி."

"உள்ள தெரியறது?"

"அதுவும் பதவிதான்."

அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். ஆய்வுத் தந்தை இறங்கிவந்து டேப்புவைத் தேடிப்பிடித்து இறுகத் தழுவிக்கொண்டார். மறைமாவட்டம் முழுவதற்கும் ஆண்கள் பிரிவின் அமைப்பாளராக அவனை நியமித்தார். இனி ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு பங்காகப் போய் அவன் ஆண்களுக்கு அளவெடுக்க வேண்டும்.

டேப்புவுக்குக் கைதட்டல் காதில் விழவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் என்றால், ஒவ்வொரு ஞாயிறும் இங்கே யார் இருப்பது?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாஸ்டர் வந்தார். பக்கவாட்டில் நடந்துவந்தார், அங்கியின் பின்பக்கம் திறந்திருந்தது. "ரொம்ப சந்தோஷம் சார். இங்க பாடகர் குழுவைப் பத்திக் கவலையே படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் டேப்பு கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு எதுக்கு எடுத்த?"

"எதை?"

"அவர் தோள்ல இருந்து. நூலை."

அவளுக்கு நினைவுக்கு வரச் சற்று நேரமாயிற்று. நினைவு வந்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். "இந்தக் கழுத்து, கை, கோட்டு, அங்கி, முத்திரை எல்லாம் அதுக்குத்தானா?"

அவன் கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"அது உங்க நூலுங்க. பச்சை நூல். அந்த வாரம் பெரிய டாக்டர் வீட்டுத் திரை தைச்சீங்களே, அது. வீடு முழுக்கக் கிடந்துச்சு. என் கையில ஒட்டியிருந்து அவர் மேல போய் ஒட்டிக்கிச்சு. என் வீட்டு நூலோட இன்னொருத்தர் கோயில்ல நின்னா நல்லாவா இருக்கும்? அதான் எடுத்துப் போட்டேன்."

"அப்ப என் மேல இருக்கறதை?"

"உங்க மேல எடுக்க ஆரம்பிச்சா நான் எப்ப சமைக்கறது?"

டேப்புவுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. முழுதும் இறங்கும் முன், பாதி வழியில் நின்றது. அவள் கையிலிருந்து அவர் தோளில் நூல் ஒட்ட வேண்டுமானால், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? அவன் கை தானாகக் கழுத்திலிருந்த டேப்புக்குப் போனது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்வை கையிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து தோளுக்கும் வந்தது. அங்கேயே நின்றது. குனிந்து, இரண்டு விரலால் அவன் கோட்டிலிருந்து எதையோ பிரித்தெடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மெல்லிய வெள்ளை இழை. பட்டு மாதிரி மின்னியது.

"இது நம்ம கடை நூல் இல்லையே."

டேப்புவுக்கு அது என்ன என்று தெரியும். தழுவும்போது கன்னத்தில் உரசிய அந்த லேஸ்.

"லேஸ் நூலு" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "யாருது?"

அவன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"உங்களைத்தான் கேக்கறேன். வாரா வாரம் வாசல்ல நின்னு யாரை அளந்துக்கிட்டிருந்தீங்க? ஆண்கள் வரிசைன்னுதானே சொன்னீங்க? ஆண்கள் எவன் லேஸ் போடறான்? சொல்லுங்க, யாரு அவ?"

கல்யாணமான நாளிலிருந்து யாரும் அவனை அந்தக் குரலில் கேட்டதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். டேப்பு செம்பை எடுத்தான். நிதானமாக ஒரு மிடறு குடித்தான். கோட்டின் கழுத்துப் பொத்தானைச் சரியாகப் போட்டு, இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, கண்களைத் தாழ்த்தி, மிக மிக அடக்கமாக உட்கார்ந்திருந்தான்.